விளைபொருள் விலையும் ஊக வணிகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு விலை ஏறினால் வாங்குகிறவர்கள் ஊக வணிகரைத் திட்டுகிறார்கள். விலை விழுந்தால் விளைவிக்கிறவர்கள் அதே ஆளைத் திட்டுகிறார்கள். இரண்டு வழக்கிலும் குற்றவாளி ஒருவரே என்றால் வழக்கைக் கொஞ்சம் நிதானமாக விசாரிக்கத்தான் வேண்டும். என் கட்சி இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறையை ஊக வணிகம் உண்டாக்குவது அரிது. ஆனால் கிடங்கில் சரக்கு குறைந்திருக்கும் காலத்தில் அது விலையைப் பிடித்து உலுக்கிவிடும். அந்த உலுக்கலில் முதலில் கீழே விழுகிறவர் பல நேரங்களில் ஊக வணிகர் அல்ல, சரக்கைக் கையில் வைத்திருப்பவர். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் கீழே உள்ள விவரங்களைப் படித்துவிட்டுத் தங்கள் முடிவுக்கு வரலாம்.

ஊக வணிகம் என்றால் என்ன? பதுக்கலும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். மாவு அரைக்க கோதுமை வாங்குகிறவர் பயனுக்காக வாங்குகிறார். நாளை விலை ஏறும் என்று நம்பி இன்று வாங்குகிறவரும், விழும் என்று நம்பி இன்று விற்கிறவரும் ஊக வணிகர்கள். பதுக்குகிறவர் உண்மையான மூட்டைகளைச் சந்தையிலிருந்து எடுத்து உள்ளே பூட்டுகிறார். அத்தனை மூட்டைகள் அன்றைய புழக்கத்திலிருந்து குறைகின்றன. முன்பேரச் சந்தையில் வாங்குகிறவரோ ஒரு தானிய மணியைக்கூட எடுப்பதில்லை. அவர் வாங்குவது ஒரு வாக்குறுதி: பின்னொரு மாதத்தில் இன்ன விலைக்குச் சரக்கு கைமாறும் என்பது. அவர் ஒன்று வாங்கினால் எதிர்ப்பக்கம் ஒருவர் ஒன்று விற்றிருக்கிறார் என்றே பொருள். விலை ஏறும் என்று பந்தயம் கட்டுகிறவர் எத்தனை பேரோ, அதே அளவுக்கு விழும் பக்கத்திலும் ஒப்பந்தங்கள் இருந்தே ஆக வேண்டும். பூட்டிய கிடங்குக்கு அப்படி ஒரு எதிர்ப்பக்கம் கிடையாது.

முன்பேர ஒப்பந்தம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் சிகாகோ சந்தையில் கைமாறும் கோதுமை ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஒப்பந்தம் 5,000 புஷல், அதாவது சுமார் 136 டன். விதைத்து முடித்த ஒரு விவசாயி அறுவடை மாதத்துக்கான விலை புஷலுக்கு 6 டாலர் என்று பார்க்கிறார். அது அவருக்குக் கட்டுபடியாகிறது. ஒரு ஒப்பந்தம் விற்கிறார். மொத்த மதிப்பு 30,000 டாலர். அவர் பிணையாகக் கட்டுவது அதில் ஒரு சிறு பங்கு, உதாரணத்துக்கு 2,000 டாலர். இதை மார்ஜின் என்கிறார்கள்.

அறுவடை நேரத்தில் விலை 5 டாலருக்கு வந்துவிட்டால் உள்ளூர்க் கொள்முதல்காரரிடம் அவர் 5 டாலருக்குத்தான் விற்க முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் புஷலுக்கு 1 டாலர், ஆக 5,000 டாலர், அவர் கணக்கில் சேர்ந்திருக்கும். கூட்டினால் 6 டாலர். விலை 7 ஆனாலும் அதே 6தான்: சரக்கில் கிடைத்த ஒரு டாலர் ஒப்பந்தத்தில் போய்விடும். நல்ல விலையையும் கெட்ட விலையையும் சேர்த்தே விட்டுக்கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

தூங்குகிறார் என்று சொன்னேன். ஒரு சிக்கல் இருக்கிறது. நட்டமும் லாபமும் அறுவடை வரை காத்திருப்பதில்லை. அன்றன்றைக்கே கணக்குத் தீர்க்கப்படும். விலை 7 டாலருக்குப் போகும் வாரத்திலேயே அவர் 5,000 டாலரை ரொக்கமாகக் கட்ட வேண்டும். பயிரோ இன்னும் வயலில் பச்சையாக நிற்கிறது. இந்த ரொக்கச் சிக்கலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

ஊக வணிகர் இல்லாமலே இந்தச் சந்தையை நடத்த முடியாதா?

நடத்தலாம், ஆனால் நொண்டும். அறுவடையில் எல்லா விவசாயிகளும் ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள். ஆலைக்காரர் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார். இருவரும் ஒரே நாளில், ஒரே அளவுக்குச் சந்தித்துக்கொள்வதில்லை. இடையிலுள்ள இடரை யாராவது காசுக்குத் தாங்க வேண்டும். ஜப்பானின் ஒசாக்காவில் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசு அனுமதி கிடைத்தது. சிகாகோ வணிக வாரியம் 1848இல் தொடங்கியது. இரண்டு இடங்களிலும் ஊக வணிகர்கள் இருந்தார்கள், அவர்களைத் திட்டுகிறவர்களும் இருந்தார்கள்.

தானியத்தைக் கண்ணாலும் பார்க்காதவர் எப்படி அதன் விலையை ஏற்ற முடியும்?

வழி இருக்கிறது. பல நாடுகளில் கொள்முதல்காரர் உள்ளூர் விலையை முன்பேர விலையிலிருந்துதான் கணக்கிடுகிறார்: "சிகாகோ விலையில் இத்தனை சென்ட் குறைத்து" என்று. ஆகவே அங்கே கூடினால் இங்கேயும் கூடும். ஆறு மாதம் கழித்து நல்ல விலை என்று முன்பேரச் சந்தை சொன்னால், சரக்கு வைத்திருப்பவர் "இப்போது ஏன் விற்க வேண்டும்?" என்று பூட்டைப் போடுவார். காகித வாங்கல் உண்மையான மூட்டையைத் தொடுவது இந்தக் கதவு வழியாகத்தான்.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. ஊக வணிகம் விலையை நியாயத்துக்கு மேல் ஏற்றிவிட்டது என்றால் அந்த விலைக்கு ஆட்கள் வாங்குவதைக் குறைப்பார்கள், விளைவிக்கிறவர் கூடுதலாக விளைவிப்பார், மிஞ்சிய சரக்கு எங்காவது குவிய வேண்டும். கிடங்குகள் நிரம்புகின்றனவா, காலியாகின்றனவா என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். பாதிதான். ஏனென்றால் உணவை மக்கள் எளிதில் குறைத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகவே குவியல் மெதுவாகத்தான் சேரும். தவிர, ஆயிரக்கணக்கான வீடுகளிலும் பண்ணைகளிலும் ஆளுக்கு இரண்டு மூட்டை கூடுதலாக இருந்தால் எந்தப் புள்ளிவிவரத்திலும் அது தெரியாது.

2007–08 உலக உணவு விலையேற்றத்துக்குக் குறியீட்டு நிதிகள்தான் காரணம் என்கிறார்களே?

இதுதான் இந்தத் துறையின் பெரிய வழக்கு. இரு தரப்பையும் கேட்போம்.

குறியீட்டு நிதி என்பது எண்ணெய், தங்கம், சோளம், கோதுமை, கால்நடை என்று ஒரு கூடையை ஒப்பந்தங்களாக வாங்கி வைத்திருக்கும் நிதி. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி 1991இல் அப்படியொரு குறியீட்டைத் தொடங்கியது. இந்த நிதிகள் விலை கூடுதலா குறைவா என்று பார்ப்பதில்லை. பணம் வந்தால் வாங்கும். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் அதை விற்று அடுத்த மாதத்துக்கு மாறிக்கொள்ளும். சரக்கைக் கையில் வாங்கவே வாங்காது. 2008 மே மாதம் அமெரிக்க செனட் குழுவொன்றின் முன் மைக்கேல் மாஸ்டர்ஸ் என்ற நிதி மேலாளர் சாட்சியம் சொன்னார்: 2003 இறுதியில் 1,300 கோடி டாலராக இருந்த குறியீட்டு முதலீடு 2008 மார்ச்சுக்குள் 26,000 கோடி டாலராகிவிட்டது. இவ்வளவு பணம் ஒரே பக்கமாக வந்து விழுந்தால் விலை ஏறாமல் என்ன செய்யும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு எளிமையாக இருந்ததால் ஊடகங்களில் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

எதிர்த்தரப்பில் ஸ்காட் இர்வின், டுவைட் சாண்டர்ஸ் போன்ற வேளாண் பொருளியலாளர்கள். அவர்கள் கேட்டவை வெறும் சந்தேகங்கள் அல்ல. குறியீட்டு நிதிகள் கால்நடை ஒப்பந்தங்களில் பெரும்பங்கு வைத்திருந்தன; அவற்றின் விலை ஏன் அப்படிப் பறக்கவில்லை? அந்த நிதிகள் அதிகம் எட்டிப்பார்க்காத அரிசி ஏன் எல்லாவற்றையும் மிஞ்சி ஏறியது? முன்பேரச் சந்தையே இல்லாத பொருள்களும் ஏன் ஏறின? நிதிகளின் பணம் வந்த வாரங்களையும் விலை ஏறிய வாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றன்பின் ஒன்று வரும் ஒழுங்கு ஏன் தெரியவில்லை?

பணம் வந்தது உண்மை, விலை ஏறியதும் உண்மை. இடையிலுள்ள கயிறுதான் மெல்லியது. அதே காலத்தில் வேறு பல கயிறுகள் தடிமனாக இருந்தன. கச்சா எண்ணெய் 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. உரமும் போக்குவரத்தும் கூடவே ஏறின. அமெரிக்காவின் 2005, 2007ஆம் ஆண்டுச் சட்டங்களால் எத்தனால் தயாரிப்பு பெருகி, அந்நாட்டுச் சோளத்தில் கால்பங்குக்கு அருகில் எரிபொருளுக்குப் போனது. ஆஸ்திரேலியாவில் 2006, 2007 இரண்டு ஆண்டும் வறட்சி. கிடங்குகள் ஏற்கெனவே வற்றியிருந்தன. இத்தனையும் சேர்ந்த பிறகு ஊகப் பணம் நெருப்பில் ஊற்றிய எண்ணெயாக இருந்திருக்கலாம். நெருப்பு வைத்தது அது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் அந்த ஆண்டு அரிசி விலை ஏன் மும்மடங்கு அளவுக்குப் போனது?

பயத்தால். அரசாங்கங்களின் பயத்தால் என்று திருத்திச் சொல்ல வேண்டும். உலகில் விளையும் அரிசியில் மிகச் சிறிய பங்குதான் எல்லை தாண்டி விற்பனையாகிறது. அந்த மெல்லிய சந்தையில் 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வியட்நாமும் கையை இறுக்கியது. இறக்குமதி நாடான பிலிப்பைன்ஸ் எந்த விலையானாலும் சரி என்று பெரிய டெண்டர்களை விட்டது. 2008 தொடக்கத்தில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி சில மாதங்களில் 1,000 டாலரைத் தாண்டியது.

அது இறங்கிய விதம் இன்னும் சுவையானது. உலக வர்த்தக ஒப்பந்தக் கடமைக்காக இறக்குமதி செய்து, தன் மக்கள் விரும்பாத அரிசியை ஜப்பான் கிடங்குகளில் வைத்திருந்தது. அதைப் பிற நாடுகளுக்கு விற்கலாம் என்ற பேச்சு 2008 மே மாதம் வெளிவந்தது. அந்தப் பேச்சோடு விலை சரியத் தொடங்கியது. சொல்லப்போனால் அந்த அரிசி பெரும்பாலும் கப்பலே ஏறவில்லை! பதுக்கியவர்கள் எல்லாரும் "இனி ஏறாது" என்று நம்பியதே போதுமானதாக இருந்தது. சிகாகோவில் அரிசிக்கும் முன்பேர ஒப்பந்தம் உண்டுதான், ஆனால் உலகச் சந்தையை ஆட்டும் அளவுக்கு அது பெரியதல்ல. அந்த ஆண்டு அரிசியில் நடந்தது ஊக வணிகம்தான். செய்தவர்கள் அமைச்சகங்களும், வணிகர்களும், வீட்டுக்கு ஒரு மூட்டை கூடுதலாக வாங்கிப் போட்ட மக்களும்.

சரக்கு கொஞ்சம் குறைந்ததற்கு விலை இத்தனை மடங்கு ஏறுமா?

ஏறும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிரெகரி கிங் பெயரால் வழங்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் நாலரை மடங்கு கூடுதலாகும். இன்றைக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் அதன் போக்கு மாறவில்லை. துணி விலை ஏறினால் பழையதை உடுத்தலாம். சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. கையிருப்பு இருக்கும்வரை அது அதிர்ச்சியைத் தாங்கும். கையிருப்பு தீர்ந்தால் ஒரு மழைச் செய்திக்கே விலை துள்ளும். ஊக வணிகரைப் பற்றிய கூச்சல் எப்போதும் கையிருப்பு தீர்ந்த ஆண்டுகளில்தான் எழுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

ஊக வணிகம் விலையை வேண்டுமென்றே வீழ்த்திய நிகழ்ச்சி உண்டா?

உண்டு, அதுவும் வெங்காயத்தில். 1955ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வின்சென்ட் கோசுகா, சாம் சீகல் என்ற இரண்டு வணிகர்கள் சிகாகோவில் கிடைத்த வெங்காயத்தில் ஏறக்குறைய மொத்தத்தையும் கைப்பற்றினார்கள். சுமார் 3 கோடி பவுண்டு. "நாங்கள் சந்தையில் கொட்டிவிடுவோம், ஒழுங்காக ஒரு பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று விவசாயிகளை மிரட்டி வாங்க வைத்தார்கள். பிறகு விலை விழும் பக்கத்தில் ஒப்பந்தங்களை விற்றுக் குவித்துவிட்டு, மீதி வெங்காயத்தைக் கொட்டினார்கள். 1955 ஆகஸ்டில் 50 பவுண்டு மூட்டை 2.75 டாலர். 1956 மார்ச்சில் அது 10 சென்ட். உள்ளே இருந்த வெங்காயத்தைவிட வெறும் சாக்குக்கு மதிப்பு அதிகம். பல விவசாயிகள் திவாலானார்கள்.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. கிடங்கும் காகிதமும் ஒரே கையில் இருந்ததால் செய்ய முடிந்தது. விளைபொருள் வரலாற்றின் பெரிய மோசடிகள் பலவற்றிலும் இந்த இரட்டைப் பிடி இருக்கும்.

முன்பேர வணிகத்தையே தடை செய்துவிட்டால்?

மேற்சொன்ன கூத்துக்குப் பிறகு அமெரிக்கா அதைத்தான் செய்தது. 1958 ஆகஸ்டில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டப்படி வெங்காயத்துக்கு முன்பேர ஒப்பந்தம் கூடாது. இன்றுவரை அந்தத் தடை இருக்கிறது. வெங்காய விலை அடங்கிவிட்டதா? அங்கும் பருவத்துக்குப் பருவம் அது தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஹோல்புரூக் வொர்க்கிங் போன்ற பொருளியலாளர்கள் முன்பேரச் சந்தை இருந்தபோது விலை ஏற்ற இறக்கம் குறைவாக இருந்ததாகவே கண்டார்கள்.

இந்தியாவும் தடைகளைச் சோதித்துப் பார்த்தது. 2007 தொடக்கத்தில் துவரை, உளுந்து, கோதுமை, அரிசி ஆகியவற்றின் முன்பேர வணிகம் நிறுத்தப்பட்டது. விலையேற்றத்துக்கு அதுதான் காரணமா என்று ஆராய பொருளியலாளர் அபிஜித் சென் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. திட்டவட்டமாக அப்படிச் சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று அது 2008இல் அறிக்கை தந்தது. மறுபடியும் 2021 டிசம்பரில் நெல், கோதுமை, கடலைப்பருப்பு, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு என ஏழு பொருள்களுக்குத் தடை வந்தது. பிறகு அது பலமுறை நீட்டிக்கப்பட்டது.

தடையில் ஒரு வசதி உண்டு: உடனே செய்யலாம், செலவில்லை, செய்தியில் வரும். கிடங்கு கட்டுவதற்கு இந்த மூன்றும் கிடையாது.

விலை ஏறினால் விவசாயிக்கு லாபம்தானே? அவருக்கு என்ன குறை?

சில நேரம் லாபம். எப்போதுமல்ல. கோகோவைப் பாருங்கள்.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. மரங்கள் கிழடாகிவிட்டன, நோய் தாக்கியிருந்தது, 2023இல் மழை அளவு மீறியது. நியூயார்க் முன்பேர விலை 2024 மார்ச்சில் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் 12,000 டாலருக்கும் மேலே போனது. முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் 3,000 டாலருக்குக் கீழே இருந்த பொருள் இது. விவசாயிகள் கொழித்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. இந்த இரண்டு நாடுகளிலும் அரசு அமைப்புகள் பயிரின் பெரும்பகுதியை ஓராண்டுக்கு முன்பே விற்றுவிடுகின்றன. பருவத் தொடக்கத்தில் விவசாயிக்கு ஒரு விலை நிர்ணயிக்கின்றன. ஆகவே நியூயார்க்கில் விலை எகிறியபோது விளைவித்தவர் கைக்கு வந்தது பழைய விலையையொட்டிய தொகை. எல்லை தாண்டிக் கடத்தல் பெருகியதில் வியப்பில்லை. முன்பே விற்ற சரக்கில் ஒரு பகுதியைக் கொடுக்க முடியாமல் கானா அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தது.

முன்பு சொன்ன ரொக்கச் சிக்கல் இங்கே வருகிறது. கிடங்கில் கோகோ வைத்திருக்கும் வணிகர், விலை விழுந்தால் நட்டம் வராமலிருக்க ஒப்பந்தங்களை விற்று வைத்திருப்பார். விலை ஏற ஏற நாள்தோறும் மார்ஜின் கட்ட வேண்டும். சரக்கு மதிப்பு ஏறியதால் அவர் கணக்கில் நட்டமில்லைதான், ஆனால் சரக்கைக் காட்டி மார்ஜின் கட்ட முடியாது. கடன் வாங்கிக் கட்டினார்கள். முடியாதவர்கள் ஒப்பந்தங்களை நட்டத்தில் மூடிவிட்டு வெளியேறினார்கள். மூடுவது என்றால் திரும்ப வாங்குவது. அது விலையை மேலும் ஏற்றியது. ஊகப் பணம் வைத்திருந்த நிதிகளும் 2024 முழுவதும் பின்வாங்கிக்கொண்டிருந்தன. ஆள் குறைந்த சந்தையில் நான்கு ஒப்பந்தம் கைமாறினாலே விலை குலுங்கியது. ஊக வணிகர் கூடியதால் அல்ல, குறைந்ததால் கொந்தளித்த சந்தை இது.

பருத்தியில் 2008 மார்ச்சிலும் இதே கதை. சில நாளில் விலை பாய்ந்தது; இடர் காப்புக்காக விற்று வைத்திருந்த வணிகர்கள் மார்ஜின் கட்ட முடியாமல் திணறினார்கள். தலைமுறைகளாகப் பருத்தி வாங்கி விற்ற நிறுவனங்களில் சில அதோடு தொழிலையே விட்டன. அவர்கள் யாரும் சூதாடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முன்பேர விலையும் உண்மையான சரக்கு விலையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுண்டா?

போயிருக்கிறது. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, ஆனால் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தம் முடியும் நாளில் அதன் விலையும் களத்து விலையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் முதலில் சொன்ன விவசாயி ஒப்பந்தம் விற்றார். 2008 வாக்கில் சிகாகோ கோதுமையில் அது குலைந்தது. ஒப்பந்தம் முடியும் நாளிலும் அதன் விலை சரக்கு விலையைவிடப் புஷலுக்கு ஒரு டாலருக்கும் மேல் உயர்ந்து நின்றது. நம் விவசாயி அன்று சரக்கைக் குறைந்த விலைக்கு விற்று, ஒப்பந்தத்தைக் கூடிய விலைக்கு மூடியிருப்பார். இரண்டு பக்கமும் அடி.

2009இல் அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு ஒன்று இதற்குக் குறியீட்டு நிதிகளைக் குற்றஞ்சாட்டியது. வேறு சிலர் கிடங்கு வாடகையைக் காட்டினார்கள். ஒப்பந்தப்படி சரக்கு ஒப்படைக்கும் கிடங்குகளுக்கு முன்பேரச் சந்தை அமைப்பு நிர்ணயித்திருந்த வாடகை வெளியே உள்ள உண்மையான சேமிப்புச் செலவைவிடக் குறைவு. ஆகவே ஒப்படைப்புச் சான்றிதழ் கையில் இருந்தவர் தானியத்தை எடுக்காமல் சான்றிதழையே வைத்துக்கொண்டார். வெளியே வைப்பதைவிட அது மலிவு. சான்றிதழுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. 2010 ஜூலை ஒப்பந்தத்திலிருந்து வாடகையை நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை கொண்டுவரப்பட்டது. இடைவெளி பெரிதும் சுருங்கியது. யாரையும் சந்தையை விட்டுத் துரத்தாமல், வாடகை விதியைத் திருத்தியதிலேயே இவ்வளவு நடந்தது.

ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு இல்லையா?

இருக்கிறது. 1977இல் டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வந்தர்களான ஹண்ட் குடும்பத்தார் சோயாவில் 30 லட்சம் புஷல் என்ற வரம்பை, உறவினர்கள் பெயரில் பிரித்து வாங்கி, மொத்தம் 2.3 கோடி புஷலுக்கும் மேல் சேர்த்து மீறிவிட்டார்கள் என்று அமெரிக்க முன்பேர வணிக ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடுத்தது. வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி, நாங்கள் தனித்தனி ஆட்கள் என்பது அவர்களின் வாதம், நீதிமன்றம் ஏற்கவில்லை.

பின்னாளில் வாசலில் காவலிருக்க, கொல்லைப்புறம் திறந்துகொண்டது. ஓய்வூதிய நிதி நேரடியாக வாங்காமல் ஒரு வங்கியோடு தனி ஒப்பந்தம் போடும். வங்கி அந்த இடரைச் சமாளிக்க முன்பேரச் சந்தையில் வாங்கும். வங்கி இடர் காப்புக்குத்தானே வாங்குகிறது என்று 1991 முதலே விலக்கு தரப்பட்டது. 2010இல் டாட்-ஃபிராங்க் என்ற அமெரிக்க நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டம் வரம்புகளை இறுக்கச் சொன்னது. 2011இல் வந்த விதியை 2012இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இறுதி விதி வர 2020 ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்புகள் 2018இல் நடைமுறைக்கு வந்தன. வரம்பு நல்லதுதான். வெங்காயக் கதை போன்ற கைப்பற்றலை அது தடுக்கும். வறட்சியைத் தடுக்காது.

2022இல் உக்ரைன் போரின்போது கோதுமை ஏறியது ஊகத்தால்தானா?

முதல் இரண்டு வாரத் துள்ளலில் ஊகத்தின் பங்கு கட்டாயம் இருந்தது. ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்பங்குக்கு மேல் கொடுத்துவந்தன. அந்தச் சரக்கு வருமா என்று யாருக்கும் தெரியாதபோது எந்த விலைதான் சரியான விலை? சிகாகோ விலை மார்ச் தொடக்கத்தில் ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்சவரம்பை அடுத்தடுத்துத் தொட்டு, புஷலுக்கு 13 டாலரைத் தாண்டியது. ஜூலையில் போருக்கு முந்தைய மட்டத்துக்கே வந்துவிட்டது. ஆனால் அந்த மார்ச் மாதத்தில் வாங்கியே ஆக வேண்டியிருந்த ஏழை நாடுகளுக்கு ஜூலை விலையால் என்ன பயன்?

செய்தியில் "ஊக வணிகத்தால் விலை உயர்வு" என்று வந்தால் நான் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் கையிருப்பு. ஆண்டுப் பயன்பாட்டில் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று அமெரிக்க வேளாண் துறையின் மாதாந்தர மதிப்பீட்டில் இருக்கும். 2011இல் ஜி20 நாடுகள் தொடங்கிய வேளாண் சந்தைத் தகவல் அமைப்பும் இதையே தருகிறது. அது தொடங்கப்பட்டதே 2008இல் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எல்லாரும் பயந்ததால்தான். அடுத்து, எந்த நாடாவது ஏற்றுமதிக் கதவை மூடியதா என்று பாருங்கள். கடைசியாக, சிகாகோவில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று மேலே சொன்ன அமெரிக்க ஆணையம் வெள்ளிதோறும் வெளியிடும் அறிக்கை. செய்திகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன.

என் சேமிப்பில் கொஞ்சத்தை விளைபொருள் குறியீட்டு நிதியில் போட்டிருக்கிறேன். யாருடைய வயிற்றிலாவது அடிக்கிறேனா?

உங்கள் பையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். நிதி ஒவ்வொரு முறையும் முடியப்போகும் ஒப்பந்தத்தை விற்று அடுத்ததை வாங்குகிறது. கிடங்கில் சரக்கு நிறைந்திருக்கும் காலத்தில், சேமிப்புச் செலவு சேர்வதால் அடுத்த மாத ஒப்பந்தம் கூடுதல் விலையில் இருக்கும். 5 டாலருக்கு விற்று 5.10க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் போகப் போக அந்த 5.10 சரக்கு விலையை நோக்கி இறங்கும். மறுபடியும் விற்று, மறுபடியும் கூடிய விலைக்கு வாங்க வேண்டும். பொருளின் விலை ஆண்டு முழுவதும் அசையாமல் இருந்தாலும் உங்கள் முதல் கரையும். போதாததற்கு, பழைய குறியீடுகள் மாதத்தின் எந்தெந்த வேலைநாட்களில் மாறும் என்பது ஊருக்கே தெரியும். முன்கூட்டியே வந்து நிற்கிறவர்கள் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆட்களும் ஊக வணிகர்கள்தான்.